அழுத்தம் இறங்கும் முன்னே

குழந்தைகளின் செப்சிஸ் பற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதிகம் புரட்டப்பட்ட ஏடுகளில் ஒன்று 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. ‘சர்வைவிங் செப்சிஸ் கேம்பெயின்’ என்ற இயக்கத்தின் பேரில், பன்னிரண்டு பன்னாட்டு அமைப்புகளின் சார்பாக 49 நிபுணர்கள் கூடி எழுதிய வழிகாட்டி அது. மொத்தம் 77 கூற்றுகள். அவற்றில் அடித்துச் சொன்னவை ஆறே ஆறு. பதின்மூன்று கேள்விகளுக்கு எந்தப் பரிந்துரையும் தர இயலவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மீதியில் பெரும்பகுதி ‘இப்படிச் செய்தால் தேவலை’ என்ற தொனியில் இருப்பவை. உயிர் போகிற விஷயத்தில் இவ்வளவு தயக்கமா என்று முதல் வாசிப்பில் எரிச்சல் வரும். இரண்டாம் வாசிப்பில் அந்தத் தயக்கத்தின் மேலேயே மரியாதை வந்துவிடும்.

அதிலிருந்து சில கூற்றுகளை மட்டும் எடுத்து உரை சொல்கிறேன். ஏட்டின் வாசகங்களை அப்படியே தராமல், கருத்தைச் சுருக்கி என் தமிழில் ‘மூலம்’ என்று மேலே வைத்திருக்கிறேன். வரிசையும் என்னுடையது.

உள்ளே நுழையுமுன் ஒன்று. கிருமித்தொற்று வந்ததும் அதை எதிர்க்க எழும் உடலின் சொந்தப் படையே நிலைதடுமாறி, இரத்தக் குழாய்கள், நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று தன் உறுப்புகளையே பழுதாக்கும் நிலைதான் செப்சிஸ். 2017ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீடு ஒன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருக்கு இது வந்ததாகவும், அவர்களில் 29 லட்சம் பேர் இறந்ததாகவும் சொல்கிறது.

மூலம்: உடல்நலம் குன்றி வரும் குழந்தைகளில் செப்சிஸ் இருக்கக்கூடியவர்களை முறைவைத்துச் சலித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்ல எளிது. மழைக்காலத்தில் ஒரு குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காய்ச்சல். காய்ச்சல் ஏறினால் நாடித்துடிப்பும் கூடவே ஏறும். ஊசி என்ற சொல் காதில் விழுந்தால் இன்னும் ஏறும். காய்ச்சல், வேகமான நாடி, வெள்ளையணு எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட 2005ஆம் ஆண்டு வரையறையை வைத்துச் சலித்தால், இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும் வைரஸ் காய்ச்சல் பிள்ளைகள் பலரும் சல்லடையில் தங்கிவிடுவார்கள்.

2024 ஜனவரியில் வந்த ஃபீனிக்ஸ் வரையறை அந்தப் பழைய வழியைக் கைவிட்டது. நுரையீரல், இரத்த ஓட்டம், இரத்த உறைவு, மூளை ஆகிய நான்கிலும் எவ்வளவு பழுது என்று மதிப்பெண் போடுகிறது; தொற்று இருக்கும் அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைக்கு இரண்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் செப்சிஸ். நான்கு கண்டங்களிலிருந்து திரட்டிய முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனை வருகைகளின் தரவு அதன் பின்னால் இருக்கிறது. அதே தரவில் செப்சிஸ் குழந்தைகளின் இறப்பு வசதி மிகுந்த இடங்களில் 7.1 சதவீதம், வசதி குறைந்த இடங்களில் 28.5 சதவீதம். ஆனால் அந்த மதிப்பெண் வருவதற்குள் உறுப்பு ஏற்கெனவே பழுதாகியிருக்கும். நோயை முன்கூட்டிப் பிடிக்க அது உதவாது என்பதை வகுத்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் எதை வைத்துச் சலிப்பது? இரத்த அழுத்தத்தை வைத்தா? இங்கேதான் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கண் ஏமாறுகிறது. குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவை அதிகம் கூட்ட முடியாது. துடிப்பின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். கூடவே கை கால்களுக்குப் போகும் நுண் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்கிக் கொடுக்கும். இந்த ஏற்பாடு ஓடும் வரை கருவியில் அழுத்தம் ஒழுங்காகவே தெரியும். அது இறங்கும்போது பிள்ளை விளிம்பில் நிற்கிறது. ‘பி.பி. நார்மல்’ என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய இந்த நோயில் இடமில்லை.

ஆகவே தோலைப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கூட்டின் நடு எலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் திரும்பினால் சரி. மூன்றைத் தாண்டினால் இரத்த ஓட்டம் சுருங்குகிறது என்று பொருள். நகக்கண்ணிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் ஏசி அறையிலும் மார்கழிக் காலையிலும் விரல்நுனி பொய் சொல்லும், நெஞ்சு அவ்வளவாகச் சொல்லாது. பிறகு உள்ளங்காலைத் தொட்டு, புறங்கையால் மேலே தடவிக்கொண்டே போனால், சூடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரியும். உடம்பு கொதிக்க முழங்கால் வரை சில்லென்று இருக்கும் பிள்ளையை வரிசையில் நிற்க விடக்கூடாது. மூச்சையும் எண்ண வேண்டும், ஒரு முழு நிமிடம், அழாமல் இருக்கும்போது. இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகம். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் நிறைய உண்டு. பச்சைக்குழந்தை சீராக மூச்சு விடாது என்பதால் அந்தக் கணக்கு தப்பும்.

இன்னொரு கருவி இருக்கிறது, அதற்கு விலையில்லை. “நேத்து ராத்திரியிலிருந்து ஒருமாதிரியா இருக்கான் டாக்டர். கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்” என்று தாய் சொல்வது. அந்த ‘ஒருமாதிரி’யை எந்த அட்டவணையிலும் அடைக்க முடியாது, ஆனால் அந்தப் பிள்ளை எப்போதும் எப்படி இருக்கும் என்ற அளவு அவளிடம் மட்டுமே இருக்கிறது. எத்தனை முறை சிறுநீர் போனான், காய்ச்சல் இறங்கிய பிறகும் விளையாடவில்லையா என்று இரண்டு கேள்வி கேட்டால் மீதியையும் அவளே சொல்லிவிடுவாள். காய்ச்சல் தணிந்ததும் எழுந்து பிஸ்கெட் கேட்கும் பிள்ளை ஒருவகை, தணிந்தும் துவண்டே கிடப்பது வேறுவகை. இங்கிலாந்தில் 2024 முதல் ‘மார்த்தா விதி’ என்ற பெயரில், குழந்தையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோருக்குத் தோன்றினால் வேறொரு மருத்துவக் குழுவை உடனே அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையை மருத்துவமனைகளில் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். செப்சிஸில் இறந்த ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் பெற்றோர் போராடிப் பெற்றது அது. நம் ஊரில் அப்படிக் கேட்கும் தாய்க்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் “நீங்க டாக்டரா, நான் டாக்டரா?” என்பதுதான்.

பச்சைக்குழந்தைகளுக்கு மட்டும் தனியே ஒரு சொல். பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்குக் கடும் தொற்று வந்தால் காய்ச்சல் இல்லாமலே போகலாம். உடம்பு சில்லிட்டும் போகலாம். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஏழே அறிகுறிகளைச் சலித்தெடுத்தது: பால் குடிக்கத் திணறுவது, வலிப்பு, தூண்டினால் மட்டுமே அசைவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு கடுமையாக உள்வாங்குவது, 37.5 டிகிரியோ அதற்கு மேலோ சூடு, 35.5க்குக் கீழ் குளிர்ச்சி. ஏழில் எதையும் பார்க்க ஆய்வகம் வேண்டாம். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரே பார்த்துவிடலாம்.

மூலம்: செப்டிக் ஷாக் (செப்சிஸால் இரத்த ஓட்டமே நிலைகுலைவது) என்று கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேர வேண்டும். ஷாக் இல்லாமல் உறுப்புப் பழுது மட்டும் தெரிந்தால், ஆராய்ந்து பார்த்துவிட்டு மூன்று மணி நேரத்துக்குள்.

ஆறு அழுத்தமான கூற்றுகளில் முதல் பாதி ஒன்று. இரண்டாம் பாதி அவ்வளவு அழுத்தமானதல்ல. இந்த இரண்டையும் ஒரே வேகத்தில் படிப்பவர்கள் உண்டு. காய்ச்சல் என்று வந்த எல்லாருக்கும் ஊசியைக் குத்திவிட்டு ‘ஒரு மணி நேர விதி’ என்று சொல்லிக்கொள்வார்கள். மூன்று மணி நேரம் கொடுத்திருப்பது சும்மா இருப்பதற்காக அல்ல, சிறுநீர், நெஞ்சுப் படம், தேவைப்பட்டால் தண்டுவட நீர் எல்லாவற்றையும் பார்த்து, இது பாக்டீரியாவா டெங்குவா என்று யோசிப்பதற்காக. நியூயார்க் மாநிலம் 2013இல் எல்லா மருத்துவமனைகளையும் செப்சிஸ் நெறிமுறை வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தியது. அங்கே 54 மருத்துவமனைகளின் 1,179 குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை), ஆன்டிபயாடிக், திரவம் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தவர்களில் இறப்பு குறைவு. மூன்றும் அப்படி முடிந்தது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான். தனித்தனியாக எடுத்தால் எதற்கும் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. மூன்றையும் ஒரு மணிக்குள் முடிக்கிற வார்டில் பிள்ளையின் பக்கத்தில் யாரோ ஒருவர் நிற்கிறார் என்பதும் அந்தப் பலனில் சேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு 108இல் ஏற்றி அனுப்பும்போது ‘அங்கே போய்ப் போட்டுக்கொள்ளட்டும்’ என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடுவது பழைய வியாதி. சிசுக்களுக்கும் குழந்தைகளுக்குமான நம் நாட்டு வழிமுறை, முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பச் சொல்கிறது.

மூலம்: ஊசிக்கு முன் இரத்தக் கல்ச்சர் எடு, அதற்காக ஊசியைத் தாமதிக்காதே.

விளக்கம் வேண்டாத கூற்று. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது முதலில் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

மூலம்: கிருமி எதுவென்று தெரியும் வரை, இருக்கக்கூடிய எல்லாக் கிருமிகளையும் தாக்கும் அகன்ற மருந்தாகத் தொடங்கு.

‘இருக்கக்கூடிய’ என்பது ஊருக்கு ஊர் மாறும். டொராண்டோவில் அகன்றது வேலூரில் அகன்றதல்ல. தமிழ்நாட்டில் மழைக்குப் பின்னான மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் வரும், புதர்க்காட்டுச் சிற்றுண்ணி கடித்துப் பரவுவது. அந்தக் கிருமி உயிரணுவுக்குள் ஒளிந்து வாழ்வதால் செஃப்ட்ரையாக்சோனோ மெரோபெனமோ அதைத் தொடாது. விலை உயர்ந்த ஊசிகள் மூன்று நாள் ஓடியும் காய்ச்சல் இறங்காத பிள்ளைக்கு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்து ஒன்றிரண்டு நாளில் தணிவதை இங்கே பார்க்கலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், டயப்பரின் விளிம்பு என்று சட்டையைக் கழற்றித் தேடினால்தான் கிடைக்கும். பன்னாட்டு ஏட்டில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. உள்ளூர் மருத்துவர் தன் கையால் ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டிய வரி.

மூலம்: தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில், முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வீதம் பலமுறையாக, மொத்தம் 40 முதல் 60 மில்லி வரை திரவம் ஏற்றலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், அழுத்தம் இறங்காத பிள்ளைக்கு வேகமாகத் திரவம் ஏற்றக்கூடாது. வசதி இல்லை, அழுத்தமும் இறங்கிவிட்டது என்றால் 40 மில்லி வரை.

ஏட்டின் இதயம் இதுதான். சண்டையும் இங்கேதான்.

கணக்கைக் கண்முன் வைப்போம். ஒன்றரை வயது, பத்துக் கிலோ எடை. இந்தப் பிள்ளையின் உடலில் ஓடும் மொத்த இரத்தம் ஏறத்தாழ 800 மில்லி. கிலோவுக்கு 60 என்றால் ஒரு மணி நேரத்தில் 600 மில்லி, உடலில் உள்ள இரத்தத்தில் முக்கால் பங்கு. டிரிப்ஸைத் திறந்துவிட்டால் இந்த வேகம் வராது. மூன்று வழித் திருகில் 50 மில்லி சிரிஞ்சைச் செருகி, பாட்டிலிலிருந்து இழுப்பதும் பிள்ளைக்குள் தள்ளுவதுமாக ஒரு நர்ஸ் நிற்க வேண்டும். கிலோவுக்கு 10 என்றால் இரண்டு சிரிஞ்ச். அது உள்ளே போனதும் கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்: நாடி இறங்கியதா, நெஞ்சு சிவக்கும் நேரம் குறைந்ததா, பிள்ளை முனகுகிறதா? வலது விலா எலும்புக்குக் கீழே கல்லீரலின் விளிம்பைத் தடவிப் பேனாவால் வயிற்றில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். அடுத்த தடவல் கோட்டைத் தாண்டினாலோ, நுரையீரல் அடியில் நறநறவென்று சத்தம் கேட்டாலோ, நிறுத்து என்று பொருள். இவ்வளவு பார்வையும் முடிந்த பிறகுதான் மூன்றாவது சிரிஞ்ச்.

நரம்பு கிடைக்காவிட்டால்? தேடிக்கொண்டே இருக்கக்கூடாது. சில நிமிடங்களுக்குள் கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலின் முன் எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி ஏற்றி, அதன் வழியே மருந்தும் திரவமும் கொடுக்கலாம். பார்க்கும் பெற்றோருக்குக் குலை நடுங்கும். ஆனால் அந்த அவசரத்தில் நரம்பைவிட நம்பகமான வழி அது.

இனி மூலத்தின் இரண்டாம் வாக்கியம். அடித்துச் சொன்ன ஆறில் இதுவும் ஒன்று, அதன் பின்னால் ஒரு பெரிய அதிர்ச்சி இருக்கிறது. கென்யாவின் கிலிஃபியில் பணியாற்றிய கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளிலும் ஃபீஸ்ட் என்ற சோதனை நடந்தது. கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் இருந்த 3,141 குழந்தைகள். ஒரு பங்குக்கு வேகமாக ஆல்புமின், ஒரு பங்குக்கு வேகமாக உப்புநீர், ஒரு பங்குக்கு வேகத் திரவமே இல்லை. திரவம் உயிர் காக்கும் என்றே பலர் நம்பியிருந்தார்கள். வேகமாக ஏற்றுவதால் பலன் உண்டா, உண்டென்றால் எந்தத் திரவம் மேல் என்பவையே கேள்விகள். 48 மணி நேரத்தில் இறந்தோர் ஆல்புமினில் 10.6 சதவீதம், உப்புநீரில் 10.5 சதவீதம், ஒன்றும் வேகமாக ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2011இல் முடிவு வெளியானபோது பலர் நம்பவில்லை.

தடை: அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா, பலருக்கு இரத்தசோகை, வென்டிலேட்டர் கிடையாது. அதை எடுத்து நம் ஊர்ச் செப்சிஸுக்கு எப்படிப் பொருத்துவது? விடை: ஏடும் அதை எல்லாருக்கும் பொருத்தவில்லை, வசதி இல்லாத இடங்களுக்கு மட்டுமே பொருத்துகிறது. இன்னொன்று, அந்தக் கூடுதல் சாவுகள் நுரையீரலில் நீர் கோத்ததால் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பின்னால் அலசியபோது பெரும்பாலானவை இரத்த ஓட்டம் நிலைகுலைந்ததால் வந்தவை என்று தெரிந்தது. திரவம் ஏற்றியதும் முதலில் நாடி தேறியது, பிறகுதான் சரிந்தது. பத்து நிமிடத்தில் தேறியதைப் பார்த்து நகர்ந்துவிட்டால் பின்னால் வரும் சரிவு கண்ணில் படாது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. தாலுகா மருத்துவமனையை எந்த வரிசையில் வைப்பது? ஆக்சிஜன் இருக்கிறது, டிரிப்ஸ் இருக்கிறது, மாவட்ட மருத்துவமனையின் ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ் தூரத்தில் இருக்கிறது. ஏடு இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. என் வாசிப்பில், பிள்ளை இந்த நிமிடம் படுத்திருக்கும் இடத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்றிவிட்டு வண்டியில் அனுப்பினால், போகும் வழியில் கல்லீரலைத் தடவிப் பார்க்கப்போவது யார்? டெங்கு ஷாக் என்றால் கணக்கே வேறு. அங்கே குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. மேலழுத்தத்துக்கும் கீழழுத்தத்துக்கும் இடைவெளி இருபதுக்குச் சுருங்கியிருக்கும், இரத்தத்தின் அடர்த்தி கூடியிருக்கும். திரவத்தை அளந்து அளந்து மணிக்கணக்கில் கொடுப்பார்கள். காய்ச்சலோடு ஷாக்கில் வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு முதல் சிரிஞ்சைத் தள்ளும்போதே இந்த இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

‘அழுத்தம் இறங்குவது’ என்பதற்கு ஏடு எண்ணும் கொடுக்கிறது: ஒரு வயதுக்குள் மேலழுத்தம் 50க்குக் கீழ், ஐந்து வயது வரை 60க்குக் கீழ், அதற்கு மேல் 70க்குக் கீழ். குழந்தைக்கேற்ற பட்டை இல்லாத இடங்களை நினைத்து இன்னொரு வழியும் உண்டு. கை கால் சில்லிடுவது, வெளுத்த தோல் மூன்று நொடி தாண்டியும் சிவக்காதது, நாடி மெலிந்து ஓடுவது: மூன்றும் சேர்ந்திருந்தால் அழுத்தம் இறங்கியதாகவே கொள்ளலாம்.

மூலம்: திரவத்துக்கு மசியாத ஷாக்குக்கு டோபமினைவிட அட்ரினலினோ நார்அட்ரினலினோ மேல்.

மூன்றும் இறங்கிய அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள். டோபமின் ஒரு தலைமுறை மருத்துவர்களின் கைப்பழக்கம். பிரேசிலில் 120 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2015இல் எழுதியதில் டோபமின் பெற்றோரில் 20.6 சதவீதமும் அட்ரினலின் பெற்றோரில் 7 சதவீதமும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சண்டிகர் பி.ஜி.ஐ.யில் 60 குழந்தைகளிடம் பார்த்தபோது, முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக் தீர்ந்தவர்கள் அட்ரினலினில் 41 சதவீதம், டோபமினில் 13 சதவீதம். சிறிய ஆய்வுகள் என்பதால் ஏடு மெல்லிய குரலில்தான் சொல்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று: கழுத்து நரம்பில் பெரிய குழாய் போடும் வரை காத்திராமல், கையில் இருக்கும் சாதாரண ஊசி வழியே நீர்த்த அளவில் தொடங்கலாம் என்பது. குழாய் போடத் தெரிந்தவர் வரும் வரை இன்னொரு சிரிஞ்ச் தண்ணீர் தள்ளுவோம் என்ற பழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி.

மூலம்: தொற்றின் ஊற்றைத் தேடி, முடிந்த விரைவில் அகற்று.

சீழ் கட்டியிருந்தால் கீறி எடுப்பது, நெஞ்சில் சீழ் என்றால் குழாய் போடுவது, வெடித்த குடல்வால் என்றால் அறுவை. வார்டில் போட்ட குழாயே ஊற்று என்று உறுதியானால் அதைப் பிடுங்குவது. இது அழுத்தமான கூற்று. ஊற்று உள்ளே இருக்க, வெளியே மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

மூலம்: கல்ச்சர் முடிவு வந்ததும் மருந்தைக் குறுக்கு, கிருமி ஏதும் வளராமல் பிள்ளையும் தேறிவிட்டால் நிறுத்துவது பற்றி யோசி. இதை நாள்தோறும் செய்.

தொடங்குவதில் காட்டும் சுறுசுறுப்பு நிறுத்துவதில் யாருக்கும் வராது. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் பிள்ளை உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது, கல்ச்சர் சுத்தம். “எதற்கும் ஏழு நாள் ஓடட்டும்” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது வழக்கம். அதன் விலை அடுத்த கட்டிலில் தெரியும். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் பிறந்த சிசுக்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், செப்சிஸ் வந்த சிசுக்களின் இரத்தத்தில் முன்னணியில் நின்றவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். அவற்றில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் மசியாதவை. அந்த வார்டுகளில் ‘அகன்ற மருந்து’ என்று முதல் மணி நேரத்தில் எடுக்க அலமாரியில் மிச்சம் இருப்பவை மிகச் சில.